நான்காவது பந்தயத்துக்கு வண்டி இல்லை

அத்தியாயம் 7

சைக்கிள் காணாமல் போவது ஓசூரில் ஒரு செய்தியே இல்லை. மத்திகிரிப் பக்கம் வாடகை வீட்டு வாசலில் பூட்டி நிறுத்தினால், மறுநாள் பூட்டு மட்டும் பத்திரமாகக் கிடைக்கும். ஆனால் பதினொரு நாட்டுக் கொடிகள் பறக்கிற மைதானத்தில், கழுத்தில் அட்டை தொங்காத ஈயைக்கூட உள்ளே விடாத பாதுகாப்புக்கு நடுவில், பட்டப்பகலில் ஒரு சைக்கிள் மாயமாகியிருந்தது. அதுவும் பிரேக்கே இல்லாத சைக்கிள்.

"அப்ப திருடன் இன்னும் ஓடிக்கினுதான் இருப்பான் மேடம்," என்றான் ஆஞ்சப்பன். "நிறுத்த முடியாதில்ல? சேலம் பக்கம் போய் நின்னா தானா வந்து சிக்குவான்."

துப்பறியும் சுமலதா சிரிக்கவில்லை. அவள் சிரிக்காததைப் பற்றி ஆஞ்சப்பனும் கவலைப்படவில்லை. மூன்று வருஷமாக அவளிடம் உதவியாளனாக இருக்கிறான். அதற்கு முன்னால் மூன்று கம்பெனிகளில் கான்ட்ராக்ட் தொழிலாளி. மூன்றிலும் "நாளையிலிருந்து வரவேண்டாம்" என்று சொல்லி அனுப்பப்பட்டவன். அப்படிப்பட்டவனுக்கு நக்கல் ஒன்றுதான் நிரந்தர வேலை.

அவர்களுடைய வழக்கமான தொழில் மாப்பிள்ளை விசாரணை. பையன் நிஜமாகவே பெர்மனென்ட்டா, சொன்ன கம்பெனியில்தான் இருக்கிறானா, ஷிஃப்ட் முடிந்ததும் எந்தக் கடை வாசலில் நிற்கிறான் என்று பெண் வீட்டாருக்குக் கண்டுபிடித்துச் சொல்வார்கள். பன்னாட்டு வழக்கு இதுதான் முதல் தடவை. பன்னாட்டு என்ற ஒரே காரணத்துக்காக ஆஞ்சப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு ஷூ போட்டு வந்திருந்தான். அது கடித்துக்கொண்டிருந்தது.

அவர்களை அழைத்தவர் இந்திய அணியின் மேலாளர் விஜயகுமார். அவருடைய அக்கா மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளை, டீம் லீடர் என்று சொல்லிக்கொண்டு கேன்டீனில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்ததைப் போன வருஷம் கண்டுபிடித்துக் கொடுத்தவள் சுமலதா. அந்த நம்பிக்கையில் கூப்பிட்டிருந்தார்.

"போலீஸுக்குப் போனா வெளிநாட்டுக்காரங்க முன்னாடி நம்ம மானம் போயிடும் மேடம்," என்றார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு மட்டும் வியர்த்துக்கொண்டிருந்தது. "மூணரைக்குக் கடைசி ரேஸ். இப்பவே ரெண்டரை ஆகப்போவுது. வண்டி எங்க இருக்குன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. யார் எடுத்தாங்கங்கறது எனக்கு முக்கியமே இல்ல."

"என்னா ஒரு பெரிய மனசு சார் உங்களுக்கு," என்றான் ஆஞ்சப்பன்.

போட்டியின் பெயர் பன்னாட்டுத் தொழிலாளர் டிராக் சைக்கிள் சாம்பியன்ஷிப். பதினொரு நாட்டுத் தொழிற்சாலைகளில் மெஷின் ஓட்டுகிறவர்கள் ஒன்றுகூடி சைக்கிள் ஓட்டுகிற விழா. இதற்காகவே மத்திகிரியைத் தாண்டிப் புதிதாக ஓர் அரங்கம் கட்டி, உள்ளே கிண்ணம்போலச் சரிந்த மரப்பலகை ஓடுதளம் போட்டிருந்தார்கள். ஓடுதளத்தின் நடுவே அணிகள் வண்டி நிறுத்தத் தடுப்புகள். இந்தியத் தடுப்பில் இப்போது ஒரு வெறும் ஸ்டாண்டும், அதன் அருகில் தரையில் ஒரு பையனும் இருந்தார்கள்.

பையனின் பெயர் சுரேந்தர். வயது இருபத்துமூன்று. காவேரிப்பட்டினத்துக்காரன். ஓசூரில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆபரேட்டர். கான்ட்ராக்ட் இந்த மாதத்தோடு முடிகிறது என்பதை ஆஞ்சப்பன் கேட்காமலேயே தெரிந்துகொண்டான். அந்த முகத்தை அவன் கண்ணாடியில் மூன்று முறை பார்த்திருக்கிறான்.

"என்ன ரேஸ் இது தம்பி?" என்று சுமலதா கேட்டாள்.

"ஆம்னியம் மேடம். ஆம்பளைங்களுக்கு நாலு ரேஸ். நாலும் ஒரே நாள்ல."

"ஆம்னி பஸ் மாதிரி," என்றான் ஆஞ்சப்பன். "ஏறிட்டா விடியற வரைக்கும் இறங்க முடியாது."

சுரேந்தர் அதைக் காதில் வாங்கவில்லை. "முதல்ல ஸ்கிராட்ச். யாரு முதல்ல கோட்டத் தாண்டறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. ரெண்டாவது டெம்போ. ஒவ்வொரு ரவுண்டுக்கும் முதல்ல வர்றவனுக்கு ஒரு பாயின்ட். மூணாவது எலிமினேஷன். ரெண்டு ரவுண்டுக்கு ஒரு தடவை கடைசியா வர்றவன வெளிய அனுப்பிடுவாங்க."

"இது எனக்குத் தெரியும். எங்க கம்பெனில தீபாவளிக்கு முன்னாடி நடக்கும்."

"நாலாவது பாயின்ட்ஸ் ரேஸ். நூறு ரவுண்டு. இப்ப நூத்திப் பத்து பாயின்ட்ல நான் முதல்ல இருக்கேன். கஜகஸ்தான் நூத்தி ஆறு. இதுல ஜெயிச்சா தேசிய முகாம்ல ஒரு இடம் மேடம். ஒரே ஒரு இடம்தான். நான் கெளம்பலேன்னா மூணு ரேஸும் வீண். அந்த இடம் ரிசர்வ் ஆளுக்குப் போயிடும்." அவன் நிமிர்ந்து பார்த்தான். "வண்டி கிடைச்சிடுமா மேடம்?"

இவனும் யார் எடுத்தார்கள் என்று கேட்கவில்லை. ஆனால் இவன் கேட்காததில் ஒரு நியாயம் இருந்தது.

ரிசர்வ் ஆள் பக்கத்திலேயே நின்றான். பாலாஜி, மேலாளரின் அக்கா மகன். ஒரு வாரமாகச் சீருடை போட்டுக்கொண்டு தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுப்பது மட்டுமே அவன் வேலை. அவனுடைய வண்டி அடுத்த ஸ்டாண்டில் பளபளவென்று நின்றது.

சுமலதா அதைக் காட்டினாள். "இதுல ஓட்டக் கூடாதா?"

"ஓட்டலாம் மேட..." என்று தொடங்கினான் பாலாஜி.

"அந்தப் பேச்சே வேணாம்," என்று விஜயகுமார் குறுக்கே விழுந்தார். "சுரேந்தருக்கு அவன் வண்டிதான் ராசி. நானும் ஓட்டினவன் மேடம், எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்துல என் வண்டிய என் பொண்டாட்டியத் தொடக்கூட விடமாட்டேன். இது அந்தக் கஜகஸ்தான்காரன் வேலை. நான் பன்னெண்டே முக்காலுக்கு வண்டிய ஸ்டாண்டுல மாட்டினதோட சரி. அப்புறம் சாப்பாட்டு ஹால்லதான் இருந்தேன். ஒரு மணிக்கெல்லாம் நான் இந்தப் பக்கமே வரல. ரெண்டு மணிக்கு வந்து பாத்தா ஸ்டாண்டு காலி."

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது இதுதானா என்று ஆஞ்சப்பன் யோசித்தான். ஒரு மணியைப் பற்றி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

அவர் குற்றம் சாட்டிய கஜகஸ்தான்காரன் எதிர்த் தடுப்பில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான். மதியம் பரிமாறிய பிரியாணியை அவன் மூன்று முறை வாங்கினான் என்று பாலாஜி சொன்னான். அந்த வயிற்றோடு திருடப் போனவன் சரித்திரத்திலேயே கிடையாது.

சுமலதா காலி ஸ்டாண்டின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் எதையும் தொடவில்லை.

"தம்பி, மூணாவது ரேஸ் முடிஞ்சதும் உன் சாமானெல்லாம் இப்படித்தான் வச்சிட்டுப் போனியா?"

சுரேந்தர் எட்டிப் பார்த்தான். "இல்ல மேடம். பசி. எல்லாத்தையும் வீசிட்டு ஓடினேன்."

வீசிய பொருட்கள் வீசியபடி இல்லை. ஸ்பேனர்கள் பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகப் படுத்திருந்தன. தண்ணீர் பாட்டில்களின் லேபிள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்தன. அழுக்குத் துணி நான்காக மடிக்கப்பட்டிருந்தது. தரையில் சிந்திய எண்ணெயை யாரோ துடைத்திருந்தார்கள். ஷூ இரண்டும் சுவரோரம், குறுக்காகப் போகாமல் நேராக நின்றன.

"திருட வந்தவன் வீட்டைப் பெருக்கிட்டுப் போயிருக்கான்," என்றாள் சுமலதா. "ஆஞ்சப்பா, இப்படி ஒரு திருடனை நீ எங்கயாவது பாத்திருக்கியா?"

ஆஞ்சப்பன் பார்த்திருக்கிறான். ஆறு வருஷம் அவனைப் பாடாய்ப்படுத்திய விஷயம் அது.

"இது திருட்டு இல்ல மேடம். ஃபைவ் எஸ்."

"அப்டின்னா?"

"கம்பெனில அஞ்சு விதி. வேண்டாதத எடுத்துப் போடு, மிச்சத்த வரிசையா வை, தொடச்சு வை, அதையே தினம் பண்ணு, சாகற வரைக்கும் பண்ணு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒருத்தர் அட்டையோட வந்து மார்க் போடுவாரு. பழகிட்டா கை நிக்காது மேடம். என் கூட இருந்த ஒருத்தரு, கல்யாணப் பந்தியில எலையெல்லாம் ஒரே கோட்டுல இழுத்து வச்சிட்டுத்தான் உக்காருவாரு. எங்க லைன்ல ஒரு தடவ என்னையே வேண்டாத பொருள்னு எடுத்துப் போட்டாங்க."

"இங்க கம்பெனி ஆளுங்க யார் இருக்காங்க?"

"நீலச் சட்டை எல்லாருமே," என்றான் பாலாஜி. "வாலன்டியருங்க. ஒரு ஷாக் அப்சார்பர் கம்பெனியிலேர்ந்து நாப்பது பேர அனுப்பிருக்காங்க."

சுமலதா எழுந்தாள். "வேண்டாதத எடுத்தா எங்க போடுவாங்க?"

"செவப்புக் கட்டம் மேடம்!" கடிக்கிற ஷூவை மறந்து ஆஞ்சப்பன் நடக்கத் தொடங்கினான். "எங்கயாச்சும் தரையில செவப்பு டேப் ஒட்டி ஒரு கட்டம் போட்டிருப்பாங்க. ரிஜெக்ட் ஆன சாமானெல்லாம் அதுக்குள்ள. போட்டே தீருவாங்க. செவப்புக் கட்டம் இல்லாம அவங்களுக்கு சோறு எறங்காது."

கட்டம் கேன்டீனுக்குப் பின்னால் இருந்தது. தரையில் அளவெடுத்து ஒட்டிய சிவப்பு டேப். சுற்றிலும் கயிறு. உள்ளே வந்து சேர்ந்த ஒவ்வொன்றுக்கும் கழுத்தில் ஒரு சிவப்புச் சீட்டு கட்டியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காரணம்: ஆடுகிறது. ஒரு பாத்திரம் சட்னி. காரணம்: காலை ஆறு மணித் தயாரிப்பு. சுருட்டிய வரவேற்பு பேனர் ஒன்று. காரணம்: விருந்தினர் வரவில்லை.

இவற்றுக்கு நடுவில், சட்னிக்குப் பக்கத்தில், பல லட்சம் ரூபாய் கார்பன் வண்டி ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அதன் கைப்பிடியிலும் ஒரு சிவப்புச் சீட்டு.

ஆஞ்சப்பன் அதைச் சத்தமாகப் படித்தான். "காரணம்: சத்தம் சரியில்லை."

அவனால் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பெல்லே இல்லாத வண்டி மேடம் இது. சத்தம் சரியில்லையாம்! உலக சாம்பியன்ஷிப்புக்கு வந்த வண்டிய சட்னி கூட நிக்க வச்சிருக்காங்க. பிரேக் இல்லேன்னு பாத்துப் பயந்திருப்பாங்க, எழுதத் தெரியாம இப்படி எழுதியிருக்காங்க."

"நல்லா சிரிங்க," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். "சிரிச்சு முடிச்சப்பறம் சொல்லுங்க."

நீலச் சட்டை போட்ட ஓர் அம்மாள் கையில் டிபன் பாக்ஸோடு நின்றாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். சட்டைப்பையில் ஒரு பித்தளைக் கம்பி செருகியிருந்தது. கழுத்து அட்டையில் மாதேஸ்வரி என்று பெயர்.

"ஏன்க்கா, மத்த வண்டிங்களுக்கும்தான் பிரேக் இல்ல," என்றான் ஆஞ்சப்பன். "இதை மட்டும் என்னாத்துக்கு ரிஜெக்ட் பண்ணீங்க?"

"பிரேக் இல்லாததுதான் இந்த வண்டின்னு காலையிலயே சொல்லிட்டாங்க. அது எனக்குத் தெரியாதா? பத்தொம்பது வருஷமா ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன்ல இருக்கேன்." டிபன் பாக்ஸை நாற்காலியில் வைத்தாள். நாற்காலி ஆடியது. அவள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கம்பியை எடுத்தாள். "ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ நான் ரவுண்டு போவேன். நம்ம அணி வண்டி ரெண்டையும் தட்டிப் பாப்பேன். யாரும் சொல்லல. சும்மா நிக்கச் சொன்னா எனக்குக் கை வராது. வீட்ல தேங்கா வாங்கினாலும் தட்டித்தான் வாங்குவேன். இப்ப கேளுங்க."

முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் இடது காலில் தட்டினாள். 'டிக்' என்று தெளிவாக ஒலித்தது. வலது காலில் தட்டினாள். 'பொத்' என்றது. மறுபடியும் இடது, மறுபடியும் வலது. காது கேட்காதவனுக்குக்கூட வித்தியாசம் தெரிந்திருக்கும்.

சுமலதா குனிந்து வலது காலின் உள்பக்கத்தை விரலால் தடவினாள். சக்கரத்தின் பக்கமாக, கண்ணுக்குப் படாத இடத்தில், கருப்பின் மேல் கருப்பாக ஒரு துண்டு டேப். நகத்தால் நெருடினாள். டேப் உரிந்தது. அடியில் தலைமுடி அகலத்துக்கு நேராக ஒரு ரம்ப வெட்டு. ஃபோர்க்கின் பாதிக்கு மேல் போயிருந்தது.

சிரிப்பு வந்த வேகத்தில் நின்றது. ஆஞ்சப்பன் அந்த ஓடுதளத்தை உள்ளே வரும்போது பார்த்திருந்தான். வளைவில் அது சுவர்போல நிற்கும். அங்கே மணிக்கு ஐம்பது கிலோமீட்டர் வேகத்தில் இந்தக் கால் முறிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கக்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது. அதைவிட, இந்த அம்மாளைப் பார்த்துச் சிரித்தது வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்கக்கா."

"பரவால்ல. லைன்ல எல்லாரும் இப்படித்தான் சிரிப்பாங்க. அனுப்பின சாமான் ஒடைஞ்சு திரும்பி வந்தப்பறம் நிறுத்துவாங்க."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?" என்று கேட்டாள் சுமலதா.

"வாயால சொல்லக் கூடாது மேடம். ஆபரேட்டர்கிட்ட சொன்னா சண்டைக்கு வருவாங்க. முறைப்படி நோட் எழுதி மேனேஜர் ட்ரேல போட்டேன். ஒண்ணரைக்கே."

ட்ரேயில் போட்ட காகிதத்தைப் படித்த மேனேஜரை ஆஞ்சப்பன் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஊரே தேடிய வண்டி இருக்கும் இடம் ஒரு மணி நேரமாக விஜயகுமாரின் மேஜைமேல் எழுதி வைக்கப்பட்டிருந்தது.

"ரவுண்டு போனதுக்கு ஏதாவது எழுதி வைப்பீங்களா?"

மாதேஸ்வரிக்கு அந்தக் கேள்வி அவமானமாகவே பட்டது. எழுதாமல் எப்படி இன்ஸ்பெக்‌ஷன்? மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். ஏழு மணி, ஒன்பது மணி, பதினொரு மணி: சரி, சரி, சரி. ஒன்று பத்து: சரியில்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, அந்த நேரத்தில் வண்டியோடு இருந்தவரின் கையெழுத்தும் கழுத்து அட்டை எண்ணும்.

"ஒண்ணு பத்துக்கு ஒருத்தர் முன்சக்கரத்துக்கிட்ட உக்காந்துக்கினு இருந்தாரு," என்றாள். "கையெழுத்து போடுங்கன்னேன். என்னா ஏதுன்னு கேக்கல. போட்டுட்டு வேகமாப் போயிட்டாரு. அப்பறம்தான் தட்டிப் பாத்தேன்."

சுமலதா கடைசி வரியைப் படித்தாள். இன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள். தாளை ஆஞ்சப்பனிடம் காட்டினாள். அவன் படித்துவிட்டு விசிலடிக்கப் போனான். அவள் கையைக் காட்டித் தடுத்தாள்.

டேப்பை இருந்தபடியே ஒட்டிவிட்டு விஜயகுமாருக்குப் போன் போட்டாள். "சார், வண்டி கிடைச்சிடுச்சு."

"அப்பாடா! நேரா ஸ்டார்ட் லைனுக்குக் கொண்டாந்துடுங்க மேடம். செக்கிங்கெல்லாம் வேணாம், நேரமில்ல."

மணி மூன்று. தடுப்பில் சுரேந்தர் தலைக்கவசத்தோடு தயாராக நின்றான். ஆஞ்சப்பன் வண்டியை உருட்டிக்கொண்டு வந்ததும் அவன் கண் கலங்கியது. கையை நீட்டினான். ஆஞ்சப்பன் கொடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் தம்பி," என்றாள் சுமலதா. "காணாமப் போயிட்டு வந்த வண்டி. யாரு என்ன பண்ணியிருப்பாங்களோ. சார், நீங்க அந்தக் காலத்துல ஓட்டினவரு. ஒரே ஒரு ரவுண்டு வேகமா ஓட்டிக் காட்டிடுங்க. அப்புறம் தம்பி ஓட்டட்டும்."

விஜயகுமார் சிரிக்க முயன்றார். "நானா? என்ன மேடம்... முட்டி வலி."

"அரை ரவுண்டு?"

"ஷூ வேற இல்ல..."

"சார், என் ஷூ தரேன்," என்றான் ஆஞ்சப்பன். "கடிக்கும். ஆனா வண்டி கடிக்கறதுக்கு இது எவ்வளவோ மேல்."

விஜயகுமார் முன்சக்கரத்தைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தார். வலது பக்கம் மட்டும் பார்த்தார்.

சுமலதா டேப்பை உரித்தாள். அந்த வெட்டை முதலில் பார்த்தவன் சுரேந்தர். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"கஜகஸ்தான்காரன்!" என்று கத்தினார் விஜயகுமார். "நான் சொன்னேன்ல?"

"பதினோரு மணிக்கு இந்த வண்டி நல்லா இருந்துச்சு. கையெழுத்து, சுரேந்தர். ஒண்ணு பத்துக்கு வெட்டு இருந்துச்சு. அப்ப வண்டிகிட்ட உக்காந்திருந்தவரும் கையெழுத்து போட்டிருக்காரு. அட்டை நம்பரோட." தாளை அவர் கண்முன் விரித்தாள். "இது உங்க நம்பர்தானே சார்? ஒரு மணிக்கு இந்தப் பக்கமே வரலேன்னீங்க."

ஓசூரில் இருபது வருஷம் கேட் கேட்டாக ஏறி இறங்கிய மனுஷன். யாராவது அட்டையை நீட்டிக் கையெழுத்து கேட்டால் மூளையைக் கேட்காமலே கை போட்டுவிடும். செக்யூரிட்டி கேட்டாலும் போடும், கூரியர் கேட்டாலும் போடும். குற்றம் செய்துகொண்டிருக்கும்போது கேட்டாலும் போட்டிருக்கிறது. நம்பர் உட்பட.

"வண்டி காணாமப் போனதும் உங்களுக்குப் பயம் வந்துடுச்சு. யாரு கையில சிக்கினாலும் வெட்டு தெரிஞ்சிடும். அதான் யார் எடுத்தான்னு கேக்கல, எங்கன்னு மட்டும் கேட்டீங்க. ரிசர்வ் வண்டியில அவன் ஏறிட்டா ஒண்ணுமே நடக்காது. அதான் ராசி பேசினீங்க."

விஜயகுமார் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டார். "பெருசா ஒண்ணும் ஆகாது மேடம். விழுவான், சிராய்க்கும், அவ்வளவுதான்னு நெனச்சேன். அக்கா தினமும் அழறா. அவ பையன் எத்தனை வருஷம் பாட்டில் தூக்குவான்? எல்லாம் பாலாஜிக்காகத்தான்..."

"மாமா," என்றான் பாலாஜி. கையிலிருந்த பாட்டிலைக் கீழே வைத்தான்.

வாசலில் பந்தோபஸ்துக்கு நின்ற ஏட்டு வெங்கடப்பன் வந்து மேலாளரை அழைத்துக்கொண்டு போனார். போகும்போது வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். விஜயகுமார் கையெழுத்துப் போட்டார்.

"நம்மள கூப்பிட்ட ஆளையே பிடிச்சுக் குடுத்துட்டோம்," என்றான் ஆஞ்சப்பன். "இனிமே யாரு மேடம் நம்மள கூப்பிடுவாங்க?"

"தப்பு பண்ணாதவங்க."

"அப்ப கடைய மூடிடலாம்."

ஆனால் கண்டுபிடித்ததால் சுரேந்தருக்கு ஒரு பயனும் இல்லை. ஸ்டாண்டில் நின்றது ஓட்ட முடியாத வண்டி. ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் இருபது நிமிஷம் என்றது. சுரேந்தர் மறுபடியும் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பாலாஜி தன் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினான். ஒரு வாரமாக ஒரு ரவுண்டுகூடப் போகாத வண்டி. கருவிப் பெட்டியைத் திறந்து ஸ்பேனர் எடுத்து இருக்கையை ஏற்றத் தொடங்கினான்.

"எவ்வளவு வேணும்டா உனக்கு? ரெண்டு விரல்?"

"மூணு," என்றான் சுரேந்தர். எழுந்து நின்றான். "நான் ஜெயிச்சா முகாம் இடம் எனக்குப் போயிடும், தெரியும்ல?"

"தெரியும். காலை நேரா நீட்டு, அளவு பாக்கணும்."

மாதேஸ்வரி கம்பியோடு வந்தாள். யாரும் சிரிக்கவில்லை. ஃபோர்க், சட்டம், கைப்பிடி, பின்பக்கம் என்று ஒவ்வோர் இடமாகத் தட்டினாள். டிக், டிக், டிக். சட்டைப்பையிலிருந்து ஒரு பச்சைச் சீட்டை எடுத்துக் கட்டினாள். நடுவர் அதை அவிழ்க்கச் சொன்னார். அவள் முறைத்த முறைப்பில் அவரே அவிழ்த்து மரியாதையாக மடித்து அவளிடம் கொடுத்தார்.

பாயின்ட்ஸ் ரேஸ் என்பது பத்து ரவுண்டுக்கு ஒரு தடவை வேகப் பந்தயம். முதல் நால்வருக்குப் புள்ளி: ஐந்து, மூன்று, இரண்டு, ஒன்று. கடைசி ஒன்றுக்கு மட்டும் இரட்டிப்பு. பழகாத வண்டியில் முதல் முப்பது ரவுண்டு சுரேந்தர் தடுமாறினான். நன்றாகத் தூங்கி எழுந்த கஜகஸ்தான்காரன் பிரியாணியின் கடனைத் தீர்ப்பதுபோல மிதித்தான். ஒன்பது வேகப் பந்தயம் முடிந்தபோது அவன் நூற்றிருபத்தேழு, சுரேந்தர் நூற்றிருபத்துநான்கு. கடைசிப் பத்து ரவுண்டு மிச்சம். முதலில் வந்தால் பத்து, இரண்டாவதுக்கு ஆறு. சுரேந்தருக்கு முதலிடத்தைத் தவிர வேறு வழியில்லை.

கூட்டம் தமிழில் "மிதிடா" என்றது, தெலுங்கில் "தொக்குரா" என்றது, கன்னடத்தில் "துளியோ" என்றது. ஆஞ்சப்பன் மூன்று மொழியிலும் கத்தினான். கடைசி வளைவில் சுரேந்தர் மேலே ஏறி, சரிவில் விழுவதுபோல இறங்கி வந்தான். அந்த இறக்கத்தில் ஆஞ்சப்பன் முன்சக்கரத்தை மட்டும்தான் பார்த்தான். கோட்டைத் தாண்டும்போது பச்சைச் சீட்டு வாங்கிய வண்டி அரைச் சக்கரம் முன்னால் இருந்தது. நூற்று முப்பத்துநான்கு. நூற்று முப்பத்துமூன்று. ஒரு புள்ளி.

சுரேந்தரைத் தூக்கிக்கொண்டு கூட்டம் போய்விட்டது. வண்டியைப் பிடித்துக்கொண்டு தனியாக வந்தவன் பாலாஜி. ஸ்டாண்டில் மாட்டினான். பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து சுமலதாவிடம் நீட்டினான்.

ஒரு ரம்ப பிளேடு. பல்லிடுக்கெல்லாம் புதிய கருப்புத் தூள்.

"சீட் ஏத்தறதுக்கு ஸ்பேனர் எடுக்கறப்ப பாத்தேன் மேடம். என் பெட்டிக்கு அடியில இருந்துச்சு. நான் வைக்கல."

"எனக்குத் தெரியும்."

"அப்பவே குடுத்திருந்தா விசாரணைன்னு என் வண்டியையும் புடிச்சு வச்சிருப்பாங்க. அதான் ரேஸ் முடியட்டும்னு இருந்தேன்."

ஆஞ்சப்பனுக்குப் புரிந்தது. மருமகனுக்காக என்று செய்த மாமன், அகப்பட்டால் மருமகன் கழுத்துக்குப் போகும்படிதான் அதை வைத்திருந்தார். "தம்பி, வெளிய தூக்கிப் போட்டிருந்தா உனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. இதக் குடுத்ததுக்கு உங்க அம்மா உன்னத்தான் திட்டுவாங்க."

"திட்டட்டும்ணா." பாலாஜி வண்டியின் கைப்பிடியில் இருந்த வியர்வையைத் துடைத்தான். "என்னை இந்த வண்டியில ஏத்தணும்னுதான் அவரு இவ்வளவும் பண்ணாரு. நான் ஏறவே இல்ல. வண்டி மட்டும் போய் ஜெயிச்சிட்டு வந்துடுச்சு."

சுமலதா பிளேடை வாங்கிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் அழுது முடிக்கும்வரை அங்கேயே இருந்தாள்.